சுவரைத் தாண்டிய நாரை

ஆறு கடலில் கலக்கும் ஒரு நகரத்தில், முன்பொரு சமயம், கரையோரமாகப் பெரிய பூங்கா ஒன்று கட்டினார்கள். அதன் நடுவே நிறுத்த, இரும்பில் ஒரு நாரை செய்தார்கள். இரும்பெல்லாம் பக்கத்து மீனவர் குப்பத்தில் இருந்து வந்தது. ஓடி ஓய்ந்த படகு எஞ்சின்கள், உடைந்த சுக்கான்கள். மீன் விற்கும் எஸ்கலின் தன் வீட்டுப் படகின் நங்கூரத்தையே கொடுத்தாள். அது நாரைக்கு நெஞ்செலும்பு ஆனது.

திறப்பு விழாவுக்கு நகரமே திரண்டு வந்தது. குப்பத்தில் இருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. பூங்காவுக்கும் குப்பத்துக்கும் நடுவே புதிதாக ஒரு சுவர் எழும்பியிருந்தது.

நாரை சுவரிடம் காரணம் கேட்டது. தான் யாரையும் தடுக்கவில்லை என்று சுவர் பணிவாகவே பதில் சொன்னது. பெரிய சாலை வழியாகச் சுற்றி வந்தால் முன்வாசல் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறதாம்.

"சுற்றி வர எவ்வளவு தூரம்?"

"நான் நடந்ததில்லை" என்றது சுவர்.

நாரை கழுத்தைத் திருப்பிச் சுவருக்கு அப்பால் பார்த்தது. எஸ்கலின் மீன்கூடையோடு நின்று, தூரத்தில் தெரிந்த நாரையைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து தெரிந்தது அதன் முதுகு மட்டும்தான்.

நாரைக்குப் பொறுக்கவில்லை. பீடத்தை விட்டு இறங்கியது. சுவரை ஒரே எட்டில் தாண்டி, வலை உலர்த்தும் மணலில் போய் நின்றது.

எஸ்கலின் அதன் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். "நம்ம இரும்பு எவ்வளவு அழகா நிக்குது பாருங்க" என்று ஊரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

பூங்காப் பொறியாளர் திருவேங்கடம் கிரேனோடு வந்தார். சங்கிலிதான் அறுந்தது; நாரை அசையவில்லை. அது நகரத்தின் சொத்து என்று அவர் எஸ்கலினிடம் எடுத்துச் சொன்னார்.

"நாங்களும் நகரம்தானே சார். இங்கயே நிக்கட்டும். பார்க்கணும்னா சுத்தி வந்து பார்க்கட்டும்."

வந்தார்கள். காலை நடைக்காரர்களும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்களும் பெரிய சாலையைச் சுற்றி வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தார்கள். எஸ்கலின் தண்ணீர் கொடுத்து, எந்த எஞ்சின் எந்தப் புயலில் யாரைக் கரைசேர்த்தது என்று சொன்னாள். ஆசையாகக் கேட்டார்கள். திரும்பிப் போகிற வழியில்தான், ஆற்றங்கரையில் இந்தச் சுவர் எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றியது. குப்பத்தார் பலமுறை கேட்டும் நகராட்சியின் காதில் விழாத அந்தக் கேள்வி, அவர்கள் கேட்டதும் விழுந்தது.

சுவரின் நடுவே இடித்து அகலமாக வழி விட்டார்கள். சுவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் குப்பத்துப் பிள்ளைகள் தன் வழியே பூங்காவுக்குள் ஓடிய அன்று, யாரோ தனக்கு மாலை போட்டதுபோல அது நிமிர்ந்து நின்றது.

திருவேங்கடம் மறுபடி வந்தார், இந்த முறை கிரேன் இல்லாமல். வழிதான் திறந்தாயிற்றே, இனியாவது பீடத்துக்குத் திரும்பக்கூடாதா என்று நாரையிடம் கேட்டார்.

நாரை தலையை உயர்த்தியது.

"வழிதான் திறந்தாயிற்றே. நீங்கள் வாருங்கள்."