ரிப்பன் வெட்டுற ராசாவும் மருந்தில்லாத ஆஸ்பத்திரியும்

ஒரே ஒரு நாட்டுல ஒரே ஒரு ராசா இருந்தாரு புள்ளைங்களா. பேரு செண்பகபூபதி. ராசான்னதும் வாளு, யானை, சண்டைன்னு நினைச்சுக்காதீங்க. இவரு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராசா. நாட்டை ஆள்றது ஓட்டு வாங்கி வந்த மந்திரி நாகலிங்கம். அப்ப ராசாவுக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? அதிகாரத்துக்குக் குறைச்சலே இல்ல! காலையில பாலத்துக்கு ரிப்பன் வெட்டணும், மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் வெட்டணும், சாயங்காலம் பூக்கண்காட்சிக்கு ரிப்பன் வெட்டணும். நடுவுல மந்திரி நீட்டுற இடத்துல கையெழுத்துப் போடணும், எழுதிக் குடுக்குறதைப் படிக்கணும். 'இது எனக்குப் பிடிக்கல'ன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிரக் கூடாது. சாம்பாருல உப்பு இல்லன்னாக்கூட யோசிச்சுத்தான் சொல்லுவாரு, பாவம்.

ஒரு நாள் ஓடைக்கரைங்கிற ஊர்லேர்ந்து பவுனம்மான்னு ஒருத்தி அரண்மனைக்கு வந்தா. "ராசா, எம்மவளுக்குக் காய்ச்சல். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனேன், பாதி வழியிலேயே போயிட்டா. எங்க ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி குடுங்க"ன்னா. ராசா அவளை உக்கார வெச்சாரு. "கேட்டுப் பாக்கிறேம்மா"ன்னாரு. அவரால முடிஞ்சது அவ்வளவுதான். கேக்கலாம்.

மந்திரி வாரா வாரம் பாக்க வருவாரு. ராசா கேட்டாரு, "ஓடைக்கரைக்கு ஆஸ்பத்திரி?" "கட்டிக்கிட்டே இருக்கோம் மகாராசா." அடுத்த வாரம், "டாக்டரு?" "வந்துக்கிட்டே இருக்காரு மகாராசா." அதுக்கடுத்த வாரம், "மருந்து?" "அதுவும் வந்துக்கிட்டே இருக்கு. நீங்க கத்தரிக்கோலை மட்டும் மறந்துராதீங்க மகாராசா."

அப்புறம் திறப்பு விழா வந்துச்சு. பந்தலென்ன, மேளமென்ன! ராசா ரிப்பனை வெட்டிட்டு உள்ள போனாரு. நாலு கட்டில்ல நாலு நோயாளி, நாலு பேரும் கொழுகொழுன்னு இருந்தாங்க. அலமாரியில கலர் கலரா பாட்டிலு. ஒண்ணைத் திறந்து மோந்து பாத்தா, நன்னாரி சர்பத்து! டாக்டரு கழுத்துக் குழாயைத் தலைகீழா மாட்டியிருந்தாரு. ராசாவுக்குப் பவுனம்மா அழுத முகம் ஞாபகம் வந்துச்சு. என்ன பண்ண? மேடையேறி, எழுதிக் குடுத்ததைப் படிச்சாரு. "எல்லா நோய்க்கும் இங்கே மருந்து உண்டு. இது என் அரசின் சாதனை." ஆமா, 'என் அரசு'ன்னு வேற எழுதியிருந்தாங்க!

அவரு படிக்கப் படிக்க, மந்திரி மேடைக்குப் பின்னாடி லட்டு, பஜ்ஜி, மறுபடி லட்டுன்னு உள்ள தள்ளிக்கிட்டிருந்தாரு. மைக்கைப் பிடிச்சு நன்றி சொல்ல வந்தவரு, "ஐயோ வயிறு!"ன்னு சுருண்டுட்டாரு.

"முதல் கட்டிலைக் காலி பண்ணுங்க! மந்திரியைப் படுக்க வைங்க!"ன்னு ஜனங்க ஓடியாந்துச்சு.

"இங்க வேணாம்! காரை எடுங்க, பட்டணத்துக்குப் போகணும்!"னு மந்திரி அலறினாரு.

ஆனா அந்த நாட்டுல ஒரு மரியாதை உண்டு. ராசா எந்திரிச்சுக் கிளம்பாம வேற யாரு வண்டியும் நகரக் கூடாது. ராசா பாத்தாரு. நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்துக்கிட்டாரு.

"மகாராசா, எந்திரிங்க!"

"ஏன் மந்திரி, எல்லா நோய்க்கும் இங்கயே மருந்து இருக்காமே? நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"டாக்டரே, வந்து பாருங்கய்யா"ன்னா கூட்டத்துல நின்ன பவுனம்மா.

கோட்டுப் போட்டவரு கும்பிட்டாரு. "நான் பந்தல்காரன் தாயி. கோட்டு மட்டுந்தான் மந்திரி ஆளுங்க குடுத்தது."

மந்திரியால தாங்க முடியல. "டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல, எல்லாம் பொய்யி! என்னை விடுங்க!"ன்னு மைக்குலயே கத்திட்டாரு. ஊரே கேட்டுச்சு. அப்புறந்தான் ராசா மெல்ல எந்திரிச்சு, வேட்டியை உதறிவிட்டு, "கிளம்பலாம்"னாரு.

காரு போன ரோடு, பவுனம்மா மவளைக் கொண்டு போன அதே ரோடு. அந்த ரோட்டைப் போட்டதும் நாகலிங்கந்தான். ஒவ்வொரு குழிக்கும் ஒரு 'அம்மா'ன்னு கத்திக்கிட்டே போனாரு. வயிறு பிழைச்சுது, பதவி பிழைக்கல. அடுத்த ஓட்டுல மண்ணைக் கவ்வினாரு. புதுசா வந்த மந்திரி நெசமான டாக்டரையும் நெசமான மருந்தையும் கொண்டாந்தாரு. நல்ல மனசால இல்ல, பயத்தால. ஏன்னா பவுனம்மா தெனமும் ஆஸ்பத்திரிக்குள்ள போயி, டாக்டரு வந்தாச்சான்னு பாத்துட்டுத்தான் வயக்காட்டு வேலைக்கே போனா.

பாத்தீங்களா புள்ளைங்களா, பொய்யைக் கட்டிவெச்சவனே ஒரு நாள் அதுக்குள்ள படுக்க வேண்டி வரும். கதை முடிஞ்சுது, கண்ணை மூடுங்க.