காய்ச்சலை மறைத்த மந்தி

குளத்தங்கரை மருத மரத்தில் முத்தம்மை என்ற மந்தி வாழ்ந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் செங்கான், நாரை டீச்சரின் பள்ளியில் படித்தான். இளையது பால்குடி. எந்நேரமும் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டு கிடக்கும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் ஒரு நாளும் விடாமல் வந்த பிள்ளைக்கு முழுப் பலாப்பழம் பரிசு. நன்றாகப் படித்த பிள்ளைக்கு அரை மாம்பழம்தான்.

பரிசளிப்பு நெருங்கியபோது மழை பிடித்தது. செங்கானுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன.

மழைக்காலத்தில் டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொரு நெற்றியையும் சிறகால் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். இது முத்தம்மைக்குத் தெரியும். ஆகவே விடியற்காலையிலேயே கஷாயம் காய்ச்சிப் புகட்டினாள். சூடு இறங்கியது.

"வாசலைத் தாண்டுற வரைக்கும் இருமலை அடக்கிக்கோ" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் உன் இஷ்டம்."

மரத்தடி வளையில் வசித்த முயல் வள்ளிக்கு இது கேட்டது. மூக்கு ஒழுகிய தன் குட்டியை அவள் பள்ளிக்கு அனுப்பாமல் வளையிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கே. வீட்டிலேயே விடக் கூடாதா?"

"உன் பிள்ளை எப்போதோ லீவு போட்டாச்சு. உனக்கு இனிமேல் பலாப்பழமும் இல்லை, கவலையும் இல்லை. என் கதை அப்படியா?"

மதியம் வகுப்பில் கஷாயத்தின் வேகம் அடங்கியது. செங்கான் நடுங்கினான். பக்கத்தில் இருந்த கரடிக்குட்டி இரக்கப்பட்டுத் தன் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தது. அவன் மிச்சம் வைத்ததைத் தானும் குடித்தது.

சில நாட்களில் அணில் வீட்டிலும் பன்றி வீட்டிலும் கஷாயம் கொதித்தது. அவர்களுக்கும் பலாப்பழத்தில் ஆசை உண்டு.

"ஒரு நெற்றிகூடச் சுடவில்லை. காட்டிலேயே ஆரோக்கியமான பள்ளி நம்முடையதுதான்!" என்றார் டீச்சர். பிள்ளைகள் இருமிய இருமலில் அது யார் காதிலும் விழவில்லை.

பிறகு பால்குடிக்குக் காய்ச்சல் கண்டது. அது பால் குடிக்க மறுத்தது. மூச்சு இழுத்தது. முத்தம்மை அதை அணைத்துக்கொண்டு கரடி வைத்தியரிடம் ஓடினாள்.

"உள்ளே வராதே, முத்தம்மா" என்று குகைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னாலேயே எழுந்திருக்க முடியலை. என் மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல். எவளோ உடம்பு சரியில்லாத பிள்ளையை அனுப்பியிருக்கிறாள்."

"ஆமாம் வைத்தியரே, பொறுப்பில்லாத ஜனங்க" என்றாள் முத்தம்மை.

வைத்தியர் படுத்தபடியே மூலிகையின் பெயரைச் சொன்னார். அது மலை உச்சியில் இருந்தது. காய்ச்சல் அண்டாமல், ஏறிப் பறிக்கத் தெம்போடு இருந்தவள் வள்ளி ஒருத்திதான். அவள் போய்ப் பறித்து வந்து மரத்தடியில் வைத்தாள்.

"நான் கிட்டே வர மாட்டேன் அக்கா. கோவிச்சுக்காதீங்க. என் வீட்டிலும் பிள்ளை இருக்கு."

முத்தம்மை இறங்கி வந்து மூலிகையை எடுத்துப்போனாள். மூலிகைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். மூன்றாம் நாள் குழந்தை எலும்பும் தோலுமாக எழுந்து பால் குடித்தது.

அன்று மாலை நாரை டீச்சர் பலாப்பழத்தோடு வந்தார். அவர் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"விழாவுக்கு யாருமே வரவில்லை. எல்லார் வீட்டிலும் காய்ச்சல். செங்கானுக்கு என் கையாலேயே பரிசைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று சொல்லிப் பழத்தின் மேலேயே தும்மினார்.

முத்தம்மை குழந்தையை மார்போடு மூடிக்கொண்டு உச்சிக் கிளைக்குத் தாவினாள்.

"பரிசும் வேண்டாம், பழமும் வேண்டாம். உடம்பு சரியில்லாமல் எதுக்கு டீச்சர் அடுத்தவங்க வீட்டுக்கு வர்றீங்க?"

பெருமைக்காகப் பிள்ளையின் நோயை மறைத்து ஊருக்குள் அனுப்புகிறவர்கள், அந்த நோயைத் தங்கள் வீட்டுத் தொட்டிலுக்கும் சேர்த்தே அழைக்கிறார்கள்.