தலையை உள்ளிழுத்த ஆமைகள்

காட்டாற்றின் வளைவில் ஒரு மணல்மேடு. அதைச் சுற்றி ஆமைகள் குடியிருந்தன. காட்டிலேயே பக்தி அதிகம் உள்ள கூட்டம் எது என்று யாரைக் கேட்டாலும், "வேற யாரு, ஆமைங்கதான்!" என்று பதில் வரும்.

அவை கும்பிட்டது அந்த மணல்மேட்டைத்தான். மணல்தாய் என்று பெயர். பெண் ஆமைகள் மேட்டில் ஏறி, குழி பறித்து, முட்டையிட்டு, மணலை மூடிவிட்டு இறங்கிவிடும். அதற்குப் பிறகு யாரும் அந்த மணலைத் தோண்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தாயைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். மழை விழுந்ததும் குஞ்சுகள் தாமாகவே மணலைத் தள்ளிக்கொண்டு வரும். "தாய் கொடுத்தாள்" என்று அழைத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யாராவது "மணல்தாயே!" என்று சொல்லிவிட்டால் போதும். எங்கே, எந்த வேலையில் இருந்தாலும் ஆமைகள் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். முன்னோர் பெயர்களை எல்லாம் மனசுக்குள் சொல்லி முடித்த பிறகுதான் வெளியே நீட்டும். ஆமைகளுக்கு ஆயுள் நீளம், ஞாபகம் அதைவிட நீளம். உள்ளே போன தலை வெளியே வருவதற்குள் ஓர் எருமை ஆற்றில் இறங்கி, குளித்து, கரையேறி, வீட்டுக்கே போய்விடும்.

இந்தக் கூட்டத்தில் பொறையன் என்று ஓர் ஆமை. நல்லவன். மணல்தாய் பெயரைச் சொல்லிவிட்டு யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிறவன். அவன் மனைவி மணலி. அவளும் பக்தி உள்ளவள்தான். ஆனால் ஒரு விஷயத்தை நம்புவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு.

அந்தக் காட்டில் தலைவனைத் தேர்ந்தெடுக்கிற முறை எளிமையானது. உச்சி வெயிலில் போட்டி போடுகிறவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் நிற்பார்கள். எந்த நிழலில் கூட்டம் அதிகமோ அந்த மரத்தடியில் நிற்பவன் தலைவன்.

அப்போது தலைவனாக இருந்தது தாவடி என்கிற குரங்கு. அவனுக்குச் சாமியும் கிடையாது, பூசையும் கிடையாது. அவனுடைய குரங்குகள் மணல்மேட்டின் உச்சியில் ஏறிச் சறுக்கி விளையாடின.

"டேய், இது எங்க தாய்டா! இறங்குங்கடா!" என்று பொறையன் கத்துவான்.

"தாய் மடின்னா பிள்ளைங்க சறுக்கத்தானே செய்யும்!" என்று குரங்குகள் இளிக்கும். பொறையன் மேட்டடிக்கு வந்து சேர்வதற்குள் அவை அடுத்த மரத்தில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆமைகளின் இந்த மனவேதனையை முதலில் மோப்பம் பிடித்தது கருவாயன் என்கிற நரி.

ஒருநாள் காலையில் அவன் நெற்றி நிறைய ஆற்றுமணலை அப்பிக்கொண்டு வந்து நின்றான். கண்ணில் தண்ணீர் வேறு.

"பெரியோர்களே! உங்க தாயை ஒரு குரங்குக்கூட்டம் மிதிக்குது. இதைப் பார்த்துட்டு என்னால இரை எடுக்க முடியல. நான் தலைவனானா, முதல் வேலையா மேட்டைச் சுத்தி முள்வேலி! மணல்தாயே!"

எல்லாத் தலையும் உள்ளே போயின. இருட்டுக்குள் பொறையனுக்கு உடம்பு சிலிர்த்தது. 'நம்ம தாய் பேரை ஒரு நரி சொல்லுதே! எப்பேர்ப்பட்ட பக்தன்!'

பொறையன் கரை கரையாகப் போய் அவனுக்கு ஆள் சேர்த்தான். தேர்தலுக்கு முந்தின நாளே ஆமைகள் நடக்கத் தொடங்கின. முன்னால் போனவர் மௌனசாமி, ஆமைகளின் பூசாரி. அத்தனையும் போய்க் கருவாயன் நின்ற இலுப்பை மர நிழலில் குவிந்தன. தாவடியின் நாவல் மரத்தடியில் குரங்குகளும் ரெண்டு அணிலும் மட்டுமே நின்றன. கருவாயன் தலைவனானான்.

மறுநாளே பொறையன் அவன் குகைக்குப் போனான்.

"தலைவரே, வேலி..."

"அண்ணே! அதே நினைப்பாத்தான் இருக்கேன். மணல்தாயே!"

பொறையன் தலையை இழுத்தான். முன்னோர் பெயர்களை ஒன்று விடாமல் சொன்னான். தலையை நீட்டினால், கருவாயனும் இல்லை, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் சூடும் இல்லை.

அடுத்த முறை கேட்டபோது முள்ளுக்குத் தட்டுப்பாடு என்றான். அதற்கடுத்த முறை, வேலி போடுவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். ஆனால் அவன் குகையைச் சுற்றி மட்டும் இலந்தை முள்ளில் ஆளுயர வேலி எழும்பியிருந்தது. பொறையன் அதையும் பார்த்தான். 'தலைவருக்கே பாதுகாப்பு இல்லைன்னா நம்ம தாயை யாரு பார்த்துப்பா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினான்.

வேலிக்குப் பதிலாக ஒரு விழா வந்தது. முழுநிலா தோறும் தலைவரே மேட்டின் உச்சியில் ஏறி, முன்னங்கால் மடக்கி, மூக்கு மணலில் படக் கும்பிடுவார் என்று மௌனசாமி அறிவித்தார். கருவாயன் தலைவனானதிலிருந்து மணல்மேட்டைச் சுற்றி எந்நேரமும் ஆமைக் காவல் இருந்தது. வேற்று மிருகம் ஏதாவது ஏறப் பார்த்தால் காலைக் கவ்விவிடும், கவ்வினால் விடாது. கருவாயனுக்கு மட்டும் வழி விட்டார்கள். தாயின் பக்தன் அல்லவா!

அந்த வருஷம் மழை பெய்தது. குஞ்சுகள் பாதிதான் வந்தன. அதற்கடுத்த வருஷமும் நல்ல மழை. மணல்மேடு அசையவே இல்லை.

மணலி ஈர மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கும்வரை நின்றாள்.

கருவாயன் ஆறுதல் சொல்ல வந்தான். "உங்க பக்தி குறைஞ்சுபோச்சு. அதான் தாய் கோவிச்சுக்கிட்டா. இன்னும் உருக்கமா, இன்னும் நிதானமா முன்னோர் பேரைச் சொல்லுங்க."

"அதுதான் காரணம்" என்றார் மௌனசாமி. இப்போதெல்லாம் அவர் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். குகையிலிருந்து தினமும் அவருக்கு வெள்ளரிப்பழம் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் ஆற்றோரமாகப் போன பொறையனைக் கிளையிலிருந்து தாவடி கூப்பிட்டான்.

"பொறையண்ணே! வேலி எந்த மட்டுக்கு வந்திருக்கு?"

"நீ பேசாதடா! சறுக்கி விளையாடினவன்தானே நீ!"

"சறுக்கினேன், இல்லேங்கல. நான் சறுக்கின வருஷமெல்லாம் உன் குஞ்சுங்க வந்துச்சா, இல்லையா?"

பொறையனுக்குக் கோபம் வந்தது. "உன்னை மறுபடி வர விடக் கூடாதுன்னுதான் நாங்க அவரை வச்சிருக்கோம்!" என்று சொல்லிவிட்டு, தன்னால் முடிந்த வேகத்தில் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தான். தாவடி ஒரு கொட்டாவி விட்டு முடிக்கும்வரை அவன் அதே மரத்தடியில்தான் இருந்தான்.

மறுபடி தேர்தல் வந்தது. மணலியும் மறுபடி முட்டையிட்டிருந்தாள். இந்த முறை அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்துவிட்டு வந்தாள். தேர்தலுக்கு முன்னால் வருகிற முழுநிலா விழா பெரிதாக நடக்கும் என்று அறிவிப்பு வந்தது.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"விழாவில அவர் கும்பிடறப்போ நீங்க தலையை வெளியே வச்சிருங்க."

பொறையன் திடுக்கிட்டான். "என்ன பேச்சு பேசற! அது பாவம்!"

"நானே வச்சிருப்பேன். ஆனா பொம்பளை சொன்னா எவன் காதுல ஏறும்? நீங்கதான் அவருக்கு கரை கரையாப் போய் ஆள் சேர்த்தீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"தாயைச் சந்தேகப்படச் சொல்றியா?"

"தாயை இல்லங்க. நரியை!"

விழா நாள் வந்தது. நிலா ஏறியதும் கருவாயன் உச்சிக்கு ஏறினான். நெற்றியில் மணல், கழுத்தில் கொன்றைப்பூ மாலை. கீழே கூட்டம் நெருக்கியடித்தது.

"என் சொந்தங்களே! வேலி வந்துக்கிட்டே இருக்கு! மறுபடி இலுப்பை நிழலுக்கு வாங்க. வரலேன்னா குரங்கு வந்துரும்! மணல்தாயே!"

தலைகள் உள்ளே போயின. பொறையனின் கழுத்தும் பழக்கத்தில் தானாகவே சுருங்கியது. பாதியில் நிறுத்தினான். 'தாயே, இந்த ஒரு தடவை மன்னிச்சிரு' என்று வேண்டிக்கொண்டு, ஓட்டின் விளிம்புக்கு வெளியே ஒரு கண்ணை மட்டும் வைத்தான்.

கருவாயன் முன்னங்கால்களை மடக்கினான். மூக்கை மணலில் வைத்தான். என்ன ஒரு பணிவு! பொறையனுக்கு வெட்கமாகப் போயிற்று. தலையை இழுத்துக்கொள்ளப் போனான்.

அப்போது அந்தக் கால்கள் அசைந்தன. மடக்கிய கால்கள் மணலைப் பரபரவென்று பறித்தன. கும்பிட்ட தலை குழிக்குள் போயிற்று. சளக், சளக் என்று சத்தம். பிறகு தலை வெளியே வந்தது. வால் மணலைத் தள்ளிக் குழியை மூடியது. மேலே ஒரு கொன்றைப்பூ. அடுத்த குழி. அதன் மேலும் ஒரு பூ.

பொறையன் பதறிப்போய்ப் பக்கத்தில் பார்த்தான். மௌனசாமியின் தலை வெளியேதான் இருந்தது. வாயில் வெள்ளரிப்பழம். இருவர் கண்ணும் சந்தித்தன. பூசாரி மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கருவாயனின் கால் வெள்ளைக் கூழாங்கல்லைத் தட்டிவிட்டது.

"எடுடா காலை!" என்று பொறையன் கத்தினான். தன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓடுகள் கலகலத்தன. முன்னோர் பெயர்கள் பாதியில் நின்றன. ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது.

கருவாயன் அசரவில்லை. "பார்த்தீங்களா அநியாயத்தை! பொறையன் தலையை உள்ளே இழுக்கல! தாயை அவமதிச்சிட்டான்! குரங்குகிட்ட வாங்கித் தின்னுட்டான்!"

"ஐயையோ! தலையை இழுக்கலையாமே!" என்று கூட்டம் பதறியது.

"ஆமா, இழுக்கல" என்றான் பொறையன். "அதனாலதான் பார்த்தேன். நீங்களும் அவர் மீசையைப் பாருங்க."

நிலா வெளிச்சத்தில் கருவாயனின் மீசையிலிருந்து மஞ்சள் கரு சொட்டிக்கொண்டிருந்தது.

"மணல்தாயே!" என்று கருவாயன் அலறினான்.

பாதித் தலைகள் சட்டென்று உள்ளே போயின. பொறையன் தலை போகவில்லை. மணலி தலையும் போகவில்லை. அவள் மேட்டின் மேல் ஏறத் தொடங்கியிருந்தாள்.

"மணல்தாயே! மணல்தாயே!"

உள்ளே போன தலைகளில் சில வெளியே வந்தன. இன்னும் சில. காவல் போட்ட நாளிலிருந்து ஆமைகள் கருவாயனைத் தவிர மேட்டில் கால் வைத்த எந்த மிருகத்தையும் விட்டதில்லை. இப்போது சுற்றி நின்ற அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு ஏறின. கருவாயன் பாய்ந்து இறங்கினான். இறங்கும்போது மணலி அவன் பின்னங்காலைக் கவ்வினாள். குகை வாசல்வரை அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினான். கடைசியில் அவனுடைய சொந்த முள்வேலி தடுத்தபோதுதான் அவள் விட்டாள்.

தேர்தல் அன்று இலுப்பை நிழலில் கருவாயனும் மௌனசாமியும் சில ஆமைகளும் நின்றார்கள். "நரி தின்னது கொஞ்சம்தானே, குரங்கு வந்தா மேட்டையே கலைச்சிரும்" என்று அந்த ஆமைகள் பேசிக்கொண்டன. மற்ற ஆமைகள் எந்த நிழலுக்கும் போகவில்லை. மேட்டைச் சுற்றி வெயிலில் உட்கார்ந்திருந்தன.

ஜெயித்த தாவடி துள்ளிக்கொண்டு வந்தான். "பொறையண்ணே! நீங்க அந்தப் பக்கம் போகாததாலதான் நான் ஜெயிச்சேன். நன்றி!"

"நாங்க உனக்காக ஒண்ணும் வெயில்ல உட்காரல. மேட்டுல காலை வை, பார்க்கலாம்!" என்றான் பொறையன். தாவடி மணலியின் வாயைப் பார்த்தான். சறுக்குகிற ஆசையை விட்டுவிட்டான்.

மழை வந்தது. வெள்ளைக் கூழாங்கல் இருந்த இடம் லேசாக அசைந்தது. ஒரு சின்ன மூக்கு வெளியே வந்தது, அதன் பின்னால் இன்னொன்று.

"மணல்தாயே!" என்றாள் மணலி.

ஆமைகள் எல்லாம் தாயை வணங்கின. ஒரு தலைகூட உள்ளே போகவில்லை.

தன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஆதரவு கேட்கிறவன் முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறவன், தெய்வத்தையும் காப்பாற்ற மாட்டான், தன் பிள்ளைகளையும் காப்பாற்ற மாட்டான்.