இருவாச்சி தன் வாசலைப் பூசிக்கொண்ட கதை

பறவைக்கும் மிருகத்துக்கும் மனுசரைப் போலவே பேச்சு இருந்த காலம். மேற்கு மலையில், ஆற்றை ஒட்டி நின்ற ஒரு பெரிய மருத மரத்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. பெண் பெயர் வெள்ளச்சி. ஆண் பெயர் செங்கண்ணன். செங்கண்ணனுக்கு மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்த கண். அதைப் பார்த்துக் கோபக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வீட்டுக் கோபம் எல்லாம் வெள்ளச்சியிடம்தான் இருந்தது. அதை அவளிடம் சேர்த்து வைத்தவன் செங்கண்ணன்.

அப்போதெல்லாம் இருவாச்சிகளும் மற்றப் பறவைகள் மாதிரிதான் குடும்பம் நடத்தின. மரத்தில் பொந்து, பொந்துக்கு ஒரு வாசல். வாசல் திறந்தே கிடக்கும். ஒருத்தர் முட்டைமேல் உட்கார்ந்தால் இன்னொருத்தர் பழம் தின்னப் போவார். வந்ததும் இவர் எழுந்து அவர் உட்காருவார்.

வெள்ளச்சி வீட்டு வாசலின் அடிப்பக்கம் இற்றுப்போயிருந்தது. போன மழைக்கு அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிப் பொந்துக்குள் தேங்கிவிட்டது. அவள் இட்டிருந்த ஒரே முட்டை ஊறி, கூமுட்டையாகிப் போனது. அதை அவளே அலகால் உருட்டி வெளியே தள்ளினாள். வேறு யார் தள்ளுவார்கள்? செங்கண்ணனும் அழுதான். அழுது முடித்துவிட்டு அத்தி மரத்துக்குச் சாப்பிடப் போனான்.

மறு வருஷம் அவளுக்கு மறுபடியும் வயிறு கனத்தது. மழைக்கு முன்னால் வாசலைச் சரி செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு.

"ஏனுங்க, அந்த வாசல்..."

"பார்க்கலாம் புள்ளே."

மறுநாளும் கேட்டாள். "பார்க்கலாம்னு சொன்னேன்ல" என்றான். பிறகு ஒரு நாள், "எனக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் தெரியணுமா?" என்றான். கேட்டால் தொல்லை பண்ணுகிறாள் என்பான். கேட்காமல் இருந்தால் மறந்துவிடுவான். ஆம்பளைகளில் இப்படி ஒரு வகை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரங்கொத்தி ஆசாரி இருந்தார். காட்டில் பாதிப் பேருக்குப் பொந்து குடைந்து கொடுத்தவர். "அவரைக் கூப்பிட்டா ஒரு வேளையில முடிச்சிடுவாரே" என்று வெள்ளச்சி ஒரு தடவை வாய் விட்டாள். அவ்வளவுதான். செங்கண்ணனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஆசாரியா? இந்தச் சின்ன வேலைக்கா? அவன் மூக்கு எம்மாத்திரம், என் மூக்கு எம்மாத்திரம்! நானே செய்யறேன் பாரு."

மூக்கு பெரிதுதான். பழம் பறிப்பதற்கென்று வந்த மூக்கு. அதை அவனிடம் யார் சொல்வது?

மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தான். இற்றுப்போன அடிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டு அங்கே ஒரு பட்டை வைத்தால் போதும். வேலை அவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் சுரண்டியதும் அவனுக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

"இதை வாசலாவே விட்டா நல்லா இருக்காது புள்ளே. பக்கத்துல கொஞ்சம் அகலம் பண்ணி ஜன்னல் மாதிரி வைக்கலாம். காத்து வரும். ஆறு தெரியும்."

"எனக்கு ஆறு தெரிய வேண்டாமுங்க. மழை வராம இருந்தா போதும்."

"உனக்கு ரசனையே கிடையாது."

வாசலுக்கு இடது பக்கம் மரத்தில் கெட்டியான ஒரு வரி மேலிருந்து கீழே ஓடியிருந்தது. நன்றாக வைரம் பாய்ந்தது. மேல் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததே அதுதான். ஒவ்வொரு நாளும் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தவள் வெள்ளச்சி. அவளுக்குத் தெரியும். அவன் நேராக அதிலேயே போய் மூக்கை வைத்தான்.

"ஐயோ, அது தாங்குதுங்க! அதைத் தொடாதீங்க. தொடறதா இருந்தா முதல்ல மேல் மரம் இறங்காம ஒரு முட்டாவது குடுங்க."

"வீட்டைக் கட்டறவன் நானா நீயா? உள்ள போய் உக்காரு. தூசி கண்ணுல விழும்."

தூசி கண்ணில்தான் விழுந்தது. விரிசல் வாசலுக்கு மேலே, நெற்றியில் விழுந்தது. அந்த வரியை அவன் பிடுங்கி எறிந்த மறு நிமிஷம் மேல் மரம் டக்கென்று ஒரு சத்தம் போட்டது. "மரம்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றான் செங்கண்ணன்.

பிறகு குச்சிகளை ஒடித்து வந்து ஜன்னலுக்குச் சட்டம் கட்டினான். ஒட்ட வைக்க என்ன வைத்தான் தெரியுமா? அத்திப்பழம். நன்றாகப் பழுத்ததை மென்று மென்று துப்பி, குச்சிக்குக் குச்சி அப்பினான்.

"மண்ணு வைக்கலாமேங்க" என்றாள்.

"மண்ணா? நம்ம சாப்பிடற பழத்தைவிட மண்ணு உசத்தியா? மூக்குல ஒட்டினா விடுதா பாரு!"

ஒட்டியது உண்மைதான். எறும்பு வந்ததும் உண்மைதான். சாயங்காலத்துக்குள் சட்டம் பூராவும் எறும்பு வரிசை. பழ வாசனை ஆற்றங்கரை வரைக்கும் அடித்தது. செங்கண்ணன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன் சேக்காளிகளைக் கூப்பிட்டு வந்து காட்டினான். அவர்களும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "பரவாயில்லையே, நீயேவா செஞ்சே?" என்றார்கள். சட்டம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஒருத்தருக்குக்கூட அது கண்ணில் படவில்லை.

மலையணில் மட்டும் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீட்டுக்கு வாய் கோணிக்கிச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளச்சி சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி உட்கார்ந்து முட்டையிட்டாள். ஒரே ஒரு முட்டை. வெள்ளையாக, கதகதப்பாக.

அதற்கப்புறம் வந்த முதல் காற்றிலேயே ஜன்னல் சட்டம் மொத்தமாகக் கழன்று கீழே போனது. இப்போது பழைய வாசலும் இல்லை, புது ஜன்னலும் இல்லை. ஒரு மந்தி நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. நெற்றி விரிசல் இன்னும் கொஞ்சம் வாய் திறந்திருந்தது.

"இந்தக் காத்து எந்த வருஷமும் இப்படி அடிச்சதில்ல" என்றான் செங்கண்ணன். "என் வேலைல குத்தம் இல்ல."

வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று வெள்ளச்சிக்கே பயமாக இருந்தது. "முட்டைமேல உக்காருங்க. எங்கயும் போயிடாதீங்க. நான் இதோ வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் பறந்தாள்.

மரங்கொத்தி ஆசாரி கூப்பிட்டதும் வந்தார். எதிர் மரத்தில் ஒட்டிக்கொண்டு, கொண்டையை ஒரு பக்கம் சாய்த்து, ஓட்டையைத் தூரத்திலிருந்தே பார்த்தார். கிட்டே வரவில்லை.

"இதுல யார் கை வச்சது அம்மணி?"

"வீட்டுக்காரருங்க."

"அப்ப அவரையே முடிக்கச் சொல்லு."

"அவருக்கு வராதுங்க. உள்ள முட்டை கெடக்குது. மழை வந்திடும். நீங்க ஒரு கை..."

"அம்மணி, ஒருத்தன் கை வச்ச வேலைல இன்னொருத்தன் கை வைக்கிற பழக்கம் எங்க தொழில்ல இல்ல. நான் ஒட்டுப் போட்டுட்டுப் போவேன். நாளைக்கு மேல் மரம் இறங்கினா யார் பேரைச் சொல்வாங்க? அவர் பேரையா? ஆசாரி செஞ்சது விழுந்து போச்சுன்னுதான் சொல்வாங்க. முதல்லயே கூப்பிட்டிருக்கணும்."

"முதல்ல கூப்பிட எனக்கு உரிமை இருந்துதுங்களா?"

ஆசாரி வாலை ஒரு தரம் உதறிக்கொண்டார்.

"உங்க பேரை நீங்களே பத்திரமா வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு வெள்ளச்சி திரும்பினாள். புருசன் செய்ய மாட்டான், செய்யத் தெரிந்தவரும் செய்ய மாட்டார். ஆளுக்கொரு கௌரவம். நடுவில் கிடப்பது அவள் பிள்ளை.

மருத மரம் கண்ணுக்குத் தெரிந்தபோது அவள் ரெக்கை ஒரு நொடி நின்றே போய்விட்டது.

ஓட்டைக்கு வெளியே ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. நீளமான, செதில் செதிலான வால். உடும்பு. தலையும் தோளும் உள்ளே போயாகிவிட்டது. செங்கண்ணனைக் காணோம்.

வெள்ளச்சி என்ன செய்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. வாலைக் கவ்வி இழுத்தாள். உடும்புப் பிடி விடுமா? விடவில்லை. மேலே ஏறி, இடுக்கில் தலையை நுழைத்து, அதன் கண்ணைப் பார்த்து ஒரு கொத்து கொத்தினாள். அப்புறம் இன்னொன்று. உடும்பு வலி தாங்காமல் பின்வாங்கியது. அடிமரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டிப் பேசியது.

"ஏன் தங்கச்சி அடிக்கறே? பழ வாசனைக்கு வந்தேன். இத்தனை பெரிய வாசல் வச்சா வா வான்னு கூப்பிடறதாத்தானே அர்த்தம்? இன்னிக்குப் போறேன். நாளைக்கு வர்றேன். நீ என்னிக்காவது வெளிய போய்த்தானே ஆகணும்?"

சொல்லிவிட்டு அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது.

முட்டை ஒரு மூலைக்கு உருண்டிருந்தது. உடையவில்லை. வெள்ளச்சி அதை நெஞ்சுக்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் செங்கண்ணன் வந்தான். அலகில் ஒரு பெரிய குச்சி.

"என்ன புள்ளே சத்தம்? இந்தா பாரு, இதைவிட நல்ல குச்சி கெடைச்சிது. இதை வச்சு இன்னும் அகலமா..."

வாசலில் கால் வைக்கப் போனான்.

"யோவ், நில்லுய்யா அங்கயே!"

கல்யாணமான நாள் முதல் "ஏனுங்க" தவிர வேறொன்றும் சொல்லாத வாய். செங்கண்ணன் அலகிலிருந்து குச்சி நழுவிக் கீழே போனது.

"உக்காருன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? எங்க போனே? குச்சி பொறுக்கவா? உடும்பு தலையை விட்டுப் பாத்துட்டுப் போயிருக்கு. என் பிள்ளையை மோந்து பாத்துட்டுப் போயிருக்கு!"

"ஒரு நிமிசம்தான் புள்ளே..."

"ஆத்தோரம் போய் மண்ணு கொண்டா."

"மண்ணு எதுக்கு?"

"கொண்டாய்யா!"

கொண்டு வந்தான். ஈரக் களிமண், உருண்டை உருண்டையாக. அவள் அவனை உள்ளே விடவில்லை. வாசலில் வைத்ததை எடுத்துக்கொண்டாள். முதலில் விரிசலுக்குச் சின்னச் சின்ன மரத்துண்டாகப் பார்த்து ஆப்பு இறுக்கினாள். இடது பக்கம் அவன் பிடுங்கி எறிந்த இடத்தில் மண்ணை அடுக்கி, தாங்கும்படி கனமாக ஏற்றினாள். மண் தனியாக நிற்கவில்லை. அதனால் தன் எச்சத்தைக் கலந்தாள். தின்ற பழத்தின் கொட்டைகளைக் கலந்தாள். கொத்தனார் கரணையால் தட்டுவதுபோல் அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிப் பூசினாள்.

"சீச்சீ, எச்சத்தையா பூசறே? நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க?"

"உன் அத்திப்பழத்தைவிட இது நிக்கும்."

ஓட்டை பாதியானது. கால்வாசியானது. செங்கண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பூசுவது வெளியே நின்று இல்லை.

"புள்ளே... முழுசா அடைச்சிட்டா நான் எப்படி உள்ள வர்றது?"

"வர வேண்டாம்."

"நீ எப்படி வெளிய வருவே?"

"என் பாடு அது."

"சாப்பாடு?"

அலகு நுனி போகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு அவள் பூசுவதை நிறுத்தினாள். அதன் வழியாக அவள் கண் ஒன்று தெரிந்தது.

"ஜன்னல் ஜன்னல்னு குதிச்சியே, இதான் ஜன்னல். பழத்தைக் கொண்டாந்து இது வழியா நீட்டு. நீட்டிட்டுப் போ."

"கோவத்துல செய்யாதே புள்ளே. நாளைக்கு வெளிய வரணும்னு தோணும். பறக்கணும்னு தோணும்."

உள்ளே சரக்கென்று ஒரு சத்தம். மறுபடி ஒரு சத்தம். கீற்றில் கண்ணை வைத்துப் பார்த்த செங்கண்ணன் அலறிவிட்டான். வெள்ளச்சி தன் ரெக்கையின் பெரிய இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முட்டைக்கு அடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! இனிமே நீ பறக்க மாட்டியே!"

"பறந்தா இதை உன்னை நம்பி விட்டுட்டுப் போகணும்" என்றாள் வெள்ளச்சி. "அதுக்கு இது தேவலை."

மறுநாள் உடும்பு சொன்னபடி வந்தது. வாசல் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நகத்தால் பறண்டியது. பூச்சு காய்ந்து கல்லாகியிருந்தது. கீற்றில் நாக்கை விட்டுப் பார்த்தது. உள்ளேயிருந்து விழுந்த கொத்தில் நாக்கை இழுத்துக்கொண்டு போனது, திரும்பவில்லை. மழை வந்தது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

இரண்டொரு நாளில் அவளுக்குக் கோபம் தணிந்துவிடும் என்றுதான் செங்கண்ணன் நினைத்தான். பழம் கொண்டுபோய், "இந்தா புள்ளே, நல்ல பழம்" என்று நீட்டுவான். அலகு வரும். பழம் போகும். பேச்சு வராது. அத்தி மரத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து இளைத்துப் போனான். சேக்காளிகள் கூப்பிட்டாலும் போகவில்லை. ஒரு வேளை தவறினால் உள்ளே இரண்டு உயிருக்கும் ஆபத்து என்பது கீற்றுக்கு வெளியே நின்றபோதுதான் அவன் மண்டையில் ஏறியது.

ஒரு காலையில் உள்ளே புதிதாக ஒரு குரல் கேட்டது. கீச்சென்று, பசியோடு.

"வெள்ளச்சி! பொறந்திடுச்சா? எப்படி இருக்குது? யார் சாடை?" என்று கீற்றில் மூக்கை இடித்துக்கொண்டு கேட்டான்.

உள்ளேயிருந்து வெள்ளச்சி சொன்னாள்:

"பழம் பத்தல."

அவன் பறந்தான்.

அந்த வருஷத்தில் தொடங்கியதுதான். இன்றைக்கும் முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசிக்கொள்கிறது. ரெக்கை இறகை உதிர்த்துப் போடுகிறது. குஞ்சு தேறி, தாய்க்கு இறகு மறுபடி முளைத்து, பூச்சை உடைத்துக்கொண்டு அவள் வெளியே வரும் வரைக்கும் ஆண் இருவாச்சி பழத்தைச் சுமந்து வந்து கீற்றின் வழியாக நீட்டிவிட்டு, வெளியிலேயே நிற்கிறது.