ஒரு துளியில் இருவர்

"ஒண்ணுமே கிடைக்கலை, டாக்டர்."

உட்காரச் சொல்லியும் திலகவதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

டாக்டர் என்று அவள் கூப்பிட்டது ஜெசிந்தாவை. ஒரு காலத்தில் திலகவதியிடம் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். இன்று கோவையில் இந்த ஆய்வுக்கூடத்துக்கே தலைவி. திலகவதியோ ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கி, கம்ப்யூட்டரில் மரபணு ஆராயக் கற்றுக்கொண்டு, தன் மாணவியிடமே மாணவியாக வந்து சேர்ந்தவள். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வந்த அன்றே ஒரு தகராறு. இவள் அவளை டாக்டர் என்றாள். அவள் இவளை மிஸ் என்றாள். இருவருமே மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

"எதுவுமே இல்லையா மிஸ்?"

"டி செல் ஆயிரக்கணக்கில இருக்கு. அதில கேன்சரை அடையாளம் தெரிஞ்சது எதுன்னுதான் தெரியலை."

விஷயம் இதுதான். குணவதி என்று ஒரு பெண். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கருப்பைவாய்ப் புற்று. எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, எதற்கும் அது மசியவில்லை.

அவள் கட்டியிலிருந்து ஒரு துண்டு வந்திருந்தது. அதற்குள் புற்றுச் செல்களும் இருந்தன, அவற்றோடு சண்டை போட உடம்பு அனுப்பிய டி செல்களும் இருந்தன. ஒவ்வொரு டி செல்லின் மேலும் கொக்கி உண்டு, வகைக்கு ஒரு மாதிரி. எந்தக் கொக்கி இந்தப் புற்றில் மாட்டும் என்று தெரிந்துவிட்டால், அதையே குணவதியின் ரத்தத்திலுள்ள டி செல்களுக்கும் பொருத்தி, பெருக்கி, உடம்புக்குள் திருப்பி அனுப்பலாம்.

துண்டைப் பிரித்து, செல்லுக்கு ஒரு நீர்த்துளி என்று அடைத்து, உள்ளே இருக்கும் மரபணுவை மெஷின் படித்துத் தரும். அந்தக் குவியலைச் சலித்துக் கொக்கியைக் கண்டுபிடிப்பது திலகவதியின் வேலை.

வெள்ளிக்கிழமை மருத்துவர்கள் கூடுகிறார்கள். அதற்குள் ஒரு கொக்கியாவது காட்டாவிட்டால் குணவதியை வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

திலகவதி அவளைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். லிஃப்டில் பார்த்துத் தொலைத்துவிட்டாள். "என்ற ஆளுங்க கெடச்சாங்களாங்க மேடம்?" என்று தன் டி செல்களைக் கேட்டாள் குணவதி, பள்ளி விட்டும் வேனுக்கு வந்து சேராத பிள்ளைகளை விசாரிக்கிற மாதிரி. அன்றிலிருந்து திலகவதி நேரத்தோடு வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். புள்ளிப் புள்ளியாகச் செல்கள், தனித்தனிக் கூட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு மிஸ்."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள் திலகவதி. எப்படிச் சுத்தம் செய்தேன் என்று விவரிக்க ஆரம்பித்தாள். செத்த செல்லை நீக்கினாளாம். உடைந்ததை நீக்கினாளாம். ஒரே துளியில் இரண்டு செல் விழுந்திருந்தால் அதையும் நீக்கினாளாம். இதெல்லாம் எங்கும் செய்வதுதான். இரண்டு செல்லின் மரபணு கலந்தால் கணக்கு குழம்பிவிடும். ஆனால் இவள் நீக்கிய வேகம் வேறு. வருஷக்கணக்காகத் தேர்வுக்கூடத்தில் காவல் நின்றவள். இரண்டு தலை நெருங்கினாலே விடைத்தாளைப் பிடுங்கிப் பழகிய கை.

"சந்தேகம் வந்ததைக்கூட விட்டு வைக்கலை," என்றாள் பெருமையோடு.

ஜெசிந்தா எழுந்து வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று பார்த்தால், திலகவதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மிஸ், டீ குடிக்கலாம்."

பிடித்தவள் விடவில்லை. நடை முழுக்க இழுத்துக்கொண்டே போனாள். எதிரே வந்த ஆராய்ச்சி மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திலகவதிக்கு மானம் போயிற்று. நைசாகக் கையை உருவப் பார்த்தாள். பிடி இறுகியது.

வெளி வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. அட்டையைக் காட்டினால் ஒரு தடவைக்கு ஒரு ஆளைத்தான் விடும். இருவரும் சேர்ந்தே போய் நின்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, மணி கத்தியது, கதவு திறக்கவில்லை.

காவலாளி எழுந்து வந்தார். ஒவ்வொருத்தராக வரச் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் தப்பு என்று மெஷின் நிறுத்திவிடுமாம். கூடத்தின் தலைவிக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவருக்குக் கூச்சம் வேறு.

ஜெசிந்தா நகரவில்லை.

"கையை விடுங்க டாக்டர்," என்றாள் திலகவதி. "விட்டாத்தானே கதவு திறக்கும்?"

"கதவு திறக்கறதுக்கா நான் பிடிச்சேன்?"

திலகவதி தன் மணிக்கட்டையும் அதைப் பற்றியிருந்த விரல்களையும் பார்த்தாள். மணி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ," என்றாள் மெதுவாக. "கேன்சரைப் பிடிச்சிட்டிருந்ததைத்தான் தூக்கிப் போட்டுட்டேன்."

ஜெசிந்தா கையை விட்டாள். அன்று இருவருமே டீ குடிக்கவில்லை.

நல்ல வேளையாக, கம்ப்யூட்டரில் ஒதுக்கியது எதுவும் அழிந்துவிடுவதில்லை. ஓரமாகக் கிடந்த அந்த இரட்டைத் துளிகளைத் திலகவதி ஒவ்வொன்றாகத் திறந்தாள். முக்கால்வாசி வெறும் குப்பைதான். சம்பந்தமே இல்லாத செல்கள் இடித்துப் பிடித்து ஒன்றாக விழுந்தவை. ஆனால் புற்றுச் செல்லும் டி செல்லும் சேர்ந்திருந்த துளிகளில் ஒரே கொக்கி வந்தது. மறுபடியும் அதுவே வந்தது. தற்செயலாக ஒட்டியிருந்தால் எல்லா வகைக் கொக்கியும் கலந்து அல்லவா கிடக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை போட்டாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மருத்துவர், எல்லோரும் கழித்துக்கட்டுகிற குப்பையை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். திலகவதி கோபப்படவில்லை. நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்றாள். அதுவரை குணவதியை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று.

சோதனைக்குச் சில வாரம் பிடித்தது. அந்தக் கொக்கியைச் செய்து, குணவதியின் ரத்தத்தில் எடுத்த டி செல்களில் பொருத்தி, அவள் கட்டியிலிருந்து வளர்த்து வைத்திருந்த புற்றுச் செல்களோடு ஒரு கிண்ணத்தில் விட்டார்கள்.

நுண்ணோக்கியில் ஜெசிந்தா முதலில் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துத் திலகவதிக்குப் போட்டாள்.

சின்ன டி செல் ஒன்று ஊர்ந்து போய்ப் பெரிய புற்றுச் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டது. ஒட்டியபடியே இருந்தது. பிடித்துவிட்டால் மட்டும் போதாது என்று திலகவதிக்குத் தெரியும். கட்டிக்குள் இருந்தவையும் பிடித்தவைதானே. பிடித்துப் பிடித்து ஓய்ந்துபோய், ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தவை.

"எப்போ டாக்டர் விடும்?"

"வேலை முடிஞ்சா விடும் மிஸ்."

பெரிய செல்லின் ஓரம் குமிழ் விட்டது. பிறகு மொத்தமாகச் சுருங்கியது.

திலகவதி கண்ணை எடுக்காமலே பக்கத்தில் துழாவி, ஜெசிந்தாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"விட்டுடுச்சு ஜெசி," என்றாள். "அடுத்ததுகிட்ட போகுது."