கைருன்னிசாவின் ஒட்டுப்போர்வை

எங்கள் ஊர்த் தையல்காரர் சங்கத்தில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைப் போட்டி வைத்தார்கள். சட்டைகளுக்குப் பொத்தான் கட்டிக்கொடுக்கும் கைருன்னிசாவும் பெயர் கொடுக்கப் போனாள்.

தலைவர் சிவகுருநாதன் சிரித்தார். "போட்டி உறுப்பினருக்குத்தாம்மா. யாரும் குறை சொல்ல முடியாத போர்வை ஒண்ணு தைச்சுட்டு வா, உன்னையும் சேர்த்துக்கிறேன்."

போட்டியன்று அவள் விரித்த போர்வையில் நாற்பது துண்டுகள். தையல் ஓரிடத்திலும் பிசகவில்லை. கூட்டமே அசந்துபோனது.

தலைவர் குனிந்து பார்த்தார். "தையல் சரி. ஆனா இந்த ஊதாத் துணி மட்டம். ஒரு தண்ணிக்கே சாயம் போயிடும்."

"அது உங்க கடைத் துண்டுங்கய்யா. சங்கத்து நாற்பது கடையிலயும் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கித்தான் தைச்சேன்."

தலைவர் நிமிர்ந்து, "வேற யாருக்காவது குறை தெரியுதா?" என்றார்.

எல்லாரும் அவரவர் கடைத் துணி எதுவென்று தேடிக்கொண்டிருந்தார்கள். அன்றே அவளை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.