தொண்ணூறு செக்கன்

குணசீலன் காவி கேட்டு வந்தது அன்றோடு மூன்றாவது தடவை.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய வீட்டைத்தான் ஆச்சிரமமாக்கி வைத்திருந்தார்கள். குரு நிர்மலை அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. துறவுக்கு முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சீடனாக வந்த குணசீலனுக்கோ ஐம்பத்தொன்பது. வீடுகளைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸைப் பூட்டுவதும் திருத்துவதும் அவருடைய தொழில். அந்தத் தொழிலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. சும்மா சொல்லக்கூடாது, அது ஓரளவு உண்மையும்கூட.

"சொல்லுங்கோ" என்றார் அம்மா.

"என்ர மனிசி தவமலரில எனக்குப் பாசம் வத்திப்போச்சு அம்மா. ஒரு மாசம் என்னை நானே பாத்தன். காலமை எழும்பினா ஒண்டுமில்லை. பின்னேரம் வீட்டை போனா ஒண்டுமில்லை. இதுதானே வைராக்கியம்?"

"அவவுக்குத் தெரியுமோ?"

"சொல்லிப்போட்டன். வாற வெள்ளிக்கிழமை பெட்டியோட இங்க வந்திடுவன் எண்டு."

"என்ன சொன்னா?"

"சோத்தை மூடி வைச்சிட்டுப் படுக்கப் போயிட்டா."

அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வெளியே தை மாதத்துப் பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது.

"வீடு குளிருது. ஃபர்னஸை ஒருக்காப் பாருங்கோவன்."

குணசீலனுக்குச் சுருக்கென்றது. போன கிழமை அதைப் பார்த்தவரே அவர்தான். அளவுக்கு மிஞ்சிக் காஸ் குடிக்கிறது என்று கண்டுபிடித்து, திருகாணியைத் திருப்பிக் குறைத்துவிட்டுப் போயிருந்தார். துறவைப் பற்றிப் பேச வந்த இடத்தில் தொழிலில் குற்றம் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அது சரியா இருக்கு அம்மா. நான் அளந்துதான் வைச்சனான்."

"அளக்கிறதோ? எப்பிடியெண்டு காட்டுங்கோ."

இருவரும் பேஸ்மென்டுக்கு இறங்கினார்கள். ஃபர்னஸ் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் காஸ் மீற்றர். அதிலிருந்த சின்ன வட்டத்தைக் குணசீலன் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்த ஊசியைப் பாருங்கோ. இந்த ஃபர்னஸ் குடிக்கவேண்டிய அளவைக் குடிச்சா, ஊசி ஒரு சுத்து வரத் தொண்ணூறு செக்கன் எடுக்கும். கெதியாச் சுத்தினா கனக்கக் குடிக்குது. மெல்லச் சுத்தினா போதாமக் கிடக்குது. போன கிழமை எழுவத்தஞ்சிலயே சுத்தி வந்திட்டுது. அதுதான் குறைச்சனான்."

மணிக்கூட்டைக் கையில் பிடித்தார். ஊசி நிதானமாகப் போய்த் திரும்பி வந்தது. சரியாகத் தொண்ணூறு.

"பாத்தியளே" என்றார், கொஞ்சம் மிடுக்காகவே.

அம்மா மீற்றரிலிருந்து கிளம்பி மேலே போகும் குழாயைப் பார்த்தார்.

"இந்த ஊசி ஃபர்னஸுக்கு மட்டுமோ?"

"இல்லை, வீட்டுக்கு முழுக்க. அதாலதான் அளக்க முதல் மற்ற எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு..."

அவர் கண் அம்மா பார்த்த குழாய் வழியே மேலே போனது.

மேலே சமையலறையில் மத்தியான நைவேத்தியம் பெரிய காஸ் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. போன கிழமையும் இதே நேரம், இதே கொதி. வேறு யாருடைய வீடென்றாலும் குணசீலன் முதல் வேலையாக அடுப்பைத்தான் நிறுத்தியிருப்பார். இது சுவாமிக்கு வேகிற பானை. பாதியில் அணைக்க அவருக்குக் கை வரவில்லை. பிறகு அப்படி ஓர் அடுப்பு எரிவதையே மறந்துபோனார். அடுப்புக் குடித்ததையெல்லாம் ஃபர்னஸின் தலையில் போட்டு, அதன் கழுத்தைத் திருகிவிட்டார்.

"அடுப்பை நிப்பாட்டட்டோ?" என்று மெல்லக் கேட்டார்.

"நிப்பாட்டுங்கோ. சுவாமி கொஞ்சம் பொறுப்பார்."

நிறுத்திவிட்டு வந்து மறுபடி அளந்தார். ஊசி நகர மனமில்லாததுபோல் ஊர்ந்தது. தொண்ணூறு போனது. நூறு போனது. நூற்றுப் பன்னிரண்டில் ஒரு சுற்று முடிந்தது.

குணசீலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாவம், ஒரு கிழமையாப் பட்டினி போட்டிருக்கிறன்" என்றார். அம்மாவிடமா, ஃபர்னஸிடமா என்று அவருக்கே தெரியவில்லை.

மூடியைக் கழற்றித் திருகாணியைக் கொஞ்சம் கூட்டினார். தொண்ணூற்றாறு. இன்னும் ஒரு மயிரிழை. தொண்ணூறு. மூடியைப் போட்டபின் நம்பாமல் இன்னொரு தடவையும் அளந்தார். தொண்ணூறேதான்.

மேலே வந்து அடுப்பை மூட்டினார்கள். தரையிலிருந்த துவாரத்தால் சூடான காற்று வரத் தொடங்கியது. அம்மா சால்வையை எடுத்து மடித்து வைத்தார்.

"ஒரு மாசம் உங்களைப் பாத்ததெண்டு சொன்னியள். அந்த மாசம் வேற என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது?"

"வேறயோ? ரண்டு வேலை. ஊரில காணி வழக்கு, விடிய விடிய லோயரோட கதை. அதால தம்பியோட கோபம். கோயில் நிர்வாகசபைத் தேர்தல்..."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. தவமலரோடு சேர்ந்திருந்து ஒரு நேரச் சோறு தின்றது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். கார்த்திகையா? அதற்கும் முன்னமா? நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது. ஒரு மாதமாக ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்ன அதே இடத்தில்தான் வலித்தது. அந்த வலி அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். கேட்காமல் போக மனம் வரவில்லை.

"என்ர கணக்குப் பிழையெண்டு உங்களுக்கு எப்பிடி அம்மா தெரியும்?"

"கணக்கு எனக்குத் தெரியாது. எனக்குக் குளிர்ந்தது. நீங்கள் வீட்டை போய், குளிருதோ எண்டு அவவைக் கேளுங்கோ."